கழுத்துருவும் கஸ்டம்ஸும்: எட்டு மாத அலைச்சல்

2023 மே மாதம். அப்பச்சிக்கு (எங்கள் பேச்சில் அப்பா) சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். தம்பிக்கு லீவு கிடைக்காததால் கோலாலம்பூரிலேயே வைத்துக்கொண்டோம். எங்கள் நகரத்தார் வழக்கப்படி, அறுபதுக்கு ஆத்தா (அம்மா) மறுபடியும் கழுத்துரு, அதாவது தங்க உருப்படிகளைக் கயிற்றில் கோத்த தாலி, பூண வேண்டும். காரைக்குடி பேங்க் லாக்கரில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போனோம். 40 பவுன், அதாவது 320 கிராம். கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. வினையெல்லாம் திரும்பி வந்து இறங்கிய இடத்தில்தான். எந்த விமான நிலையம் என்று சொல்லப்போவதில்லை.

எங்கள் பக்கம் இரண்டு தப்பு. நகையை வெளிநாட்டுக்குக் கொண்டு போனால், புறப்படும்போதே கஸ்டம்ஸில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். அது கையில் இருந்தால் திரும்பும்போது கேள்வியே இல்லை. டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் சார்" என்றாள், நம்பிவிட்டேன். விமானக் கம்பெனிக்காரர் வேறு, கஸ்டம்ஸ் வேறு என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டாவது, வரும்போது நம் நகைதானே என்று, அறிவிக்க ஒன்றும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்துவிட்டோம். சிவப்பில் போய் நாமாகவே சொல்லியிருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஆத்தாவின் கைப்பை நின்றது. "பில் எங்கே?" 1988-இல் ஆயா (பாட்டி) வீட்டுத் திண்ணையில் ஆசாரியை உட்காரவைத்துச் செய்த நகைக்கு ஏது பில்? பெண்களுக்கு 40 கிராம் வரை விலக்கு உண்டே என்றேன். அது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்கு, அதுவும் ஒரு லட்ச ரூபாய் மதிப்புக்குள் என்றார்கள். அன்றைய விதி அதுதான், அதில் அவர்கள் சொன்னது சரி. நாங்கள் போய் வந்தது பன்னிரண்டு நாள். 38.5 சதவீத வரி என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏழு லட்சம்! அப்பச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது உடல் சோதனை. சுங்கச் சட்டம் 1962 இவர்களுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. சந்தேகப்பட்டால் ஆளைச் சோதிக்கலாம், பொருளைப் பிடித்து வைக்கலாம், சம்மன் அனுப்பி வாக்குமூலம் வாங்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 102-ஆம் பிரிவில் நமக்கும் சில வரிகள் இருக்கின்றன. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். நாம் கேட்டால் கெஜட்டட் அதிகாரி முன்போ மாஜிஸ்ட்ரேட் முன்போ அழைத்துப் போக வேண்டும். கேட்டால்தான்! அவர்களாக எடுத்துச் சொல்லவில்லை. நான் கேட்டதும் அந்த ஆபீசர், "படிச்சிட்டு வந்திருக்கீங்க போல" என்றார். ஆனாலும் கூட்டிப்போனார். சோதித்த பெண் அதிகாரி நல்ல மாதிரி. "பயப்படாதீங்க ஆச்சி" என்று சொல்லித்தான் ஆரம்பித்தாராம்.

நகையைப் பிடித்து வைத்ததற்கு ரசீது எழுதும்போது "தங்கச் செயின் 1" என்று எழுதினார்கள். ஆத்தாவுக்கு வந்ததே கோபம். "தம்பி, இது செயின் இல்லை" என்று எத்தனம், உரு, தும்பு, குச்சி என ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார். உருப்படிகள் முப்பதுக்கு மேல். கயிற்றோடு சேர்த்து எடை போட்டிருந்தார்கள், அதையும் குறிக்கச் சொன்னோம். அரை மணி நேரம் முனகிக்கொண்டே எழுதினார்கள். பொருளைப் பிடித்து வைத்தால் இந்தப் பட்டியலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாக்குமூலத்தை அவர்களே இங்கிலீஷில் டைப் அடித்துக் கொண்டு வந்தார்கள். "வரியைத் தவிர்க்கும் நோக்கத்தோடு மறைத்துக் கொண்டு வந்தேன்" என்று ஒரு வாக்கியம் உள்ளே ஒளிந்திருந்தது. 108-ஆம் பிரிவில் கொடுக்கும் வாக்குமூலம் போலீஸில் கொடுப்பது மாதிரி இல்லை, கோர்ட்டில் நமக்கு எதிராகவே நிற்கும். எனக்குத் தமிழ்தான் தெரியும், நானே எழுதுகிறேன் என்றார் ஆத்தா. ஒரு பக்கம், கையெழுத்து ஆடாமல் எழுதினார்.

இதற்குள் அந்தப் பக்கம் அப்பச்சி ஒரு அச்சடித்த பாரத்தில் ஆத்தாவையும் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட வைத்திருந்தார். "போட்டால் சீக்கிரம் போயிடலாம்" என்றார்களாம். வீட்டுக்கு வந்து படித்தால், எழுத்தில் ஷோகாஸ் நோட்டீஸ் (காரணம் கேட்கும் நோட்டீஸ்) வேண்டாம், நேர் விசாரணையும் வேண்டாம் என்று இருக்கிறது! 124-ஆம் பிரிவு தரும் உரிமையை ஒரே கையெழுத்தில் தூக்கிக் கொடுத்தாயிற்று. மறுநாளே அதை வாபஸ் வாங்குவதாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். (இந்த மாதிரி அச்சடித்த பாரங்கள் செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அது வரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.)

அப்புறம் காத்திருப்பு. பிடித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும். கமிஷனர் காரணம் எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். நீட்டாமல் நாள் தாண்டினால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். அதனால் ரசீதுத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தேன். ஐந்தாம் மாதக் கடைசியில் நோட்டீஸ் வந்தது.

ஆதாரம் தேடி வீட்டைப் புரட்டினோம். இசைகுடிமானத்தில் (எங்கள் கல்யாண ஒப்பந்தப் பத்திரம்) கழுத்துரு எடை இல்லை. கல்யாண போட்டோ இருந்தது, கழுத்தில் கழுத்துருவோடு. லாக்கர் திறந்த தேதிக்கு பேங்க்கில் கடிதம் வாங்கினோம். கடைசியில் காப்பாற்றியது ஆயா எழுதி வைத்த சாமான் சிட்டை, அதாவது கல்யாணச் சீர்ப் பட்டியல். வெள்ளிக் குத்துவிளக்கு, எவர்சில்வர் அடுக்குக்கு நடுவே "கழுத்துரு 40 பவுன்". இதை எடுத்துக்கொண்டு போனால், தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் வீண்.

அடுத்த முறை வேறு கதை. ஆத்தாவுக்கு முட்டிவலி, நான் மட்டும் போனேன். வக்கீல் இல்லாவிட்டால் நோட்டீஸ் பெற்றவரே வர வேண்டும் என்றார் கிளார்க். 146ஏ பிரிவில் உறவினரும் ஆஜராகலாம் என்று இருக்கிறதே, இதோ அதிகாரக் கடிதம் என்று பிரிண்ட் எடுத்த தாளை நீட்டினேன். உள்ளே போனவர் பத்து நிமிடம் கழித்து வந்து, "உட்காருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று இரவு எனக்கு நானே பரோட்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

விசாரணை இருபது நிமிடம்கூட இல்லை. அதிகாரி போட்டோவையும் சிட்டையையும் ரசீதுப் பட்டியலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உத்தரவு 2024 ஜனவரியில் வந்தது. நகை இங்கிருந்தே போன சொந்த நகைதான், வரியில்லை. அறிவிக்காமல் வந்ததற்குத் தண்டம் 5000 ரூபாய். மேல்முறையீட்டுக்கு 60 நாள் இருந்தது, யார் போவது? கட்டிவிட்டோம்.

வாங்கப் போன அன்று முட்டிவலியோடு ஆத்தாவும் வந்தார். சீல் உடைத்துக் கொடுத்ததும் முந்தானையைக் கவுன்ட்டரில் விரித்து, பட்டியலை என்னை வாசிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணினார். முடிந்ததும் திரும்ப ஒரு தடவை. "சரியா இருக்கா ஆச்சி, மதியம் சாப்பாட்டுக்குப் போகணும்" என்றார் அங்கிருந்தவர். "எட்டு மாசம் நீங்க வச்சிருந்தீங்கல்ல தம்பி, கொஞ்சம் இருங்க" என்று மூன்றாவது தடவை எண்ணத் தொடங்கினார் ஆத்தா.