டாவி வால்வுக்குப் பிறகு: பாளையங்கோட்டைக் குறிப்புகள்

ஏப்ரல் 7, 2025, திங்கள்

மதுரையிலோ சென்னையிலோ டாவி முறையில், தொடை ரத்தக்குழாய் வழியாக மகாதமனி வால்வு வைத்துக்கொண்டு சில நாளிலேயே அம்பாசமுத்திரம், ராதாபுரம் என்று ஊர் திரும்பிவிடுகிறார்கள். நெஞ்சைத் திறக்காததால் வீட்டில் ‘எல்லாம் முடிஞ்சுட்டு’ என்ற நினைப்பு. டிஸ்சார்ஜ் தாளில் வால்வின் வகை, அளவு, வைப்பதற்கு முந்தைய இசிஜி, கிளம்பிய நாள் இசிஜி நான்கும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அன்றே கேட்டு வாங்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

அந்த இரண்டு இசிஜி எதற்கு? இதயத்தின் மின்பாதை மகாதமனி வால்வுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய தடுப்புச் சுவரை ஒட்டி ஓடுகிறது. வால்வின் உலோகச் சட்டம் ஆழமாக இறங்கினால் அதை நசுக்கும். பெரும்பாலும் அடிபடுவது அந்தப் பாதையின் இடது கிளை. வலது கிளை முன்பே அடைபட்டவருக்கு இடதும் போனால் முழு ஹார்ட் பிளாக், அதாவது மேலறையின் மின்துடிப்பு கீழறைக்கு எட்டாது, பேஸ்மேக்கர்தான் வழி. தானாக விரியும் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை உலோகம்) சட்ட வால்வில் இந்த ஆபத்து கூடுதல். வைத்தபின்பும் சட்டம் விரிந்துகொண்டே இருக்கும், திசுவும் வீங்கும். அதனால்தான் வீடு திரும்பிய பிறகும் பிளாக் வருகிறது.

புதிதாக இடது கிளை அடைப்பு வந்து, இசிஜியில் பிஆர் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகும் நேரம்) 240 மில்லிசெகண்டையோ க்யூஆர்எஸ் (கீழறைகளில் அது பரவும் நேரம்) 150-ஐயோ தாண்டியிருந்தால், உடலில் மாட்டி நாள் முழுக்க இசிஜி பதியும் ஹோல்டர் கண்காணிப்பு இல்லாமல் விடக் கூடாது. ‘கெறக்கமா வருது’ என்று பெரியவர் சொன்னால் வெயில் என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள், உடனே இசிஜி. துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், டில்டியாசெம் மாத்திரைகள் இருக்கிறதா என்று பாருங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் துடிப்பைக் குறைக்கும். அதை யாரும் மருந்துக் கணக்கில் சொல்வதில்லை.

ஏப்ரல் 12, சனி

தொடை. வால்வை உள்ளே செலுத்தும் 14 ஃப்ரெஞ்ச் (குழாய்த் தடிமன் அளவு) உறைக்குத் தொடை ரத்தக்குழாய் 5.5 மி.மீ. அகலமாவது வேண்டும், குறுகலாக, சுண்ணாம்பு படிந்து, வளைந்திருந்தால் கிழியும். துளை கவட்டைத் தசைநாருக்கு (இங்குவினல் லிகமென்ட்) மேலே விழுந்திருந்தால் ரத்தம் வயிற்றின் பின்பக்கம் தேங்கும். வெளியே வீக்கமே தெரியாது. முதுகுவலி, ஏறும் நாடி, இறங்கும் பிரஷர்: சிடி எடுக்கத் தாமதிக்காதீர்கள். பாதம் சில்லிட்டால் குழாய் அடைபட்டிருக்கலாம். தையல் ஆறும்வரை குத்தவைத்து உட்காரும் கழிப்பறை வேண்டாம்.

வாய் கோணல், பேச்சுக் குழறலுக்கு நேரே ஸ்ட்ரோக் வசதியுள்ள ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 16, புதன்

2002-ல் இதே நாளில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே முதல் நோயாளிக்கு இந்த வால்வை வைத்தார். அன்று தொடங்கி இன்றுவரை தொடரும் தொல்லை, வால்வைச் சுற்றிக் கசிவது. பழைய வால்வின் சுண்ணாம்புக் கட்டி புதுச் சட்டத்தை ஒட்டவிடாது. மூச்சு வாங்கினால் எக்கோ. சிறுநீர் கறுத்தால் எல்டிஹெச் (செல் உடைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) பரிசோதனையும் பாருங்கள், கசிவில் சிவப்பணு உடைகிறது.

முதல் மாத எக்கோவில் வால்வின் இரு பக்கத்துக்கும் இடையேயான சராசரி அழுத்த வேறுபாட்டைக் குறித்து வையுங்கள். பின்னால் அது 10 கூடி 20 மி.மீ. பாதரசத்தைத் தொட்டால் இதழில் ரத்தக்கட்டி இருக்கலாம். சிடியில் தெரியும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினில் பெரும்பாலும் கரையும்.

பல் பிடுங்கவோ வேரைச் சுத்தம் செய்யவோ போனால், பென்சிலின் ஒவ்வாமை இல்லாதவருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம். வால்வு வைத்திருப்பதை நாற்காலியில் உட்காருமுன்பே பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.