தாவீதும் அங்குலிமாலனும்: ஒழுக்கவியல் ஒப்பீட்டுக்குப் படித்த விதம்

கிறிஸ்தவ ஒழுக்கத்தையும் பௌத்த ஒழுக்கத்தையும் ஒப்பிடுக என்ற தேர்வு வினாவைப் பார்த்ததும், பலரும் பத்துக் கட்டளைகளை ஒருபுறமும் பௌத்தரின் ஐந்து ஒழுக்க விதிகளான பஞ்ச சீலத்தை மறுபுறமும் வைத்துத் தொடங்குகிறார்கள். கொலை, களவு, பொய், முறைகெட்ட காமம் என்று நான்கு பொருந்திவிடும். அதன்பின் எழுத ஒன்றும் இராது. எவற்றைச் செய்யக்கூடாது என்பதில் சமயங்கள் பெரும்பாலும் ஒத்தே போகின்றன. படிக்கும்போது எனக்குத் தெளிவு தந்தது வேறு கேள்வி: ஒருவன் தவறிவிட்டால் அடுத்து என்ன?

இந்தக் கேள்வியோடு இரண்டு கதைகளை மூலத்திலேயே படியுங்கள். ஒன்று, விவிலியத்தில் இரண்டாம் சாமுவேல் 11, 12 அதிகாரங்கள். தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்முனையில் சாகவைத்த அரசன் தாவீது, தீர்க்கதரிசி நாத்தான் கண்டித்ததும் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்கிறான். இழந்தவன் உரியா, அறிக்கையோ கடவுளை நோக்கிப் போகிறது. யூத மறைநூலிலிருந்து கிறிஸ்தவம் பெற்றுக்கொண்ட இந்தப் பார்வையில், தீமை விதிமீறலோடு நிற்பதில்லை. கடவுளோடு கொண்ட உறவையே முறிக்கிறது. ஆகவே சீர்ப்படுவதும் மன்னிப்பாக, கிருபையாக, அவரிடமிருந்து வரவேண்டியிருக்கிறது.

மற்றது, புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 86ஆம் சூத்திரம். கொன்றவர்களின் விரல்களை மாலையாக அணிந்த அங்குலிமாலன் துறவியாகி, பற்றுகளை முற்றும் அறுத்த அருகத நிலையையும் அடைகிறான். ஆனாலும் பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி பட்டு, தலை உடைந்து, இரத்தம் வழியத் திரும்புகிறான். புத்தர் அவனிடம் உன்னை மன்னித்தேன் என்று சொல்வதில்லை. பொறுத்துக்கொள், நெடுங்காலம் நரகத்தில் அனுபவிக்க வேண்டிய வினைப்பயனை இப்போதே அனுபவிக்கிறாய் என்கிறார். தீர்ப்பளிக்கவும் மன்னிக்கவும் அங்கே ஒரு கடவுள் இல்லை. எண்ணமே வினை என்று அதேபோன்ற மற்றொரு தொகுப்பான அங்குத்தர நிகாயம் சொல்வதால், தீய எண்ணத்துக்கு வேரான பேராசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றையும் அறுப்பதுதான் வழி.

இங்கேயே நிறுத்தினால் விடை பாதிதான். தாவீது மன்னிப்புப் பெற்ற பிறகும் அவன் குழந்தை இறக்கிறது. மன்னிப்பு எல்லா விளைவையும் துடைத்துவிடவில்லை. அதேபோல, கிறிஸ்தவம் அருளை நம்புகிறது, பௌத்தம் தன்முயற்சியை நம்புகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். ஜப்பானியப் பௌத்த ஆசான் ஷின்ரான் (1173–1263), அடைக்கலம் புகுவோரைக் காப்பதாக நம்பப்படும் அமிதாப புத்தரின் ஆற்றலையே முற்றிலும் சார்ந்திருக்கச் சொன்னார். 1545 முதல் 1563 வரை நடந்த, கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்து சங்கம், அருளோடு மனித விருப்பமும் ஒத்துழைக்கிறது என்று கத்தோலிக்கருக்கு வரையறுத்தது. இந்த இரண்டும் அந்த வாய்பாட்டை உடைக்கின்றன. விடையில் ஒரு பத்தியாவது இதற்கு ஒதுக்குங்கள்.

மனத்தைப் பற்றிய பகுதியில் இரு சமயங்களும் வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகின்றன. மத்தேயு 5ஆம் அதிகாரம் கொலையோடு நில்லாமல் கோபத்தையும் கண்டிக்கிறது. மணிமேகலை அடுக்கும் பத்துக் குற்றங்களில் வெஃகல் (பிறர் பொருளை விரும்புதல்), வெகுளல் (சினத்தல்), பொல்லாக் காட்சி (தவறான பார்வை) ஆகிய மூன்றும் உள்ளத்தில் தோன்றுபவை. கொள்ளையர் உடலை இரம்பத்தால் அறுத்தாலும் வெறுப்புக் கொள்பவன் என் போதனையைப் பின்பற்றுபவன் அல்லன் என்று மஜ்ஜிம நிகாயத்தின் 21ஆம் சூத்திரத்தில் புத்தர் சொல்கிறார். பகைவரை நேசியுங்கள் என்ற இயேசுவின் சொல்லோடு இதைச் சேர்த்துப் படித்தபோது நான் நெகிழ்ந்துபோனேன். தேர்வில் அந்த ஒற்றுமையை எழுதிவிட்டு, காரணத்தையும் பிரித்துக் காட்டுங்கள்: இயேசு, நல்லோர்மீதும் தீயோர்மீதும் சூரியனை உதிக்கச் செய்யும் தந்தையைப் போல இருக்கச் சொல்கிறார், புத்தர், மைத்ரியை, அதாவது எல்லோர்மீதும் கொள்ளும் அன்பை, எல்லையற்றதாக வளர்க்கும் மனப் பயிற்சியாக இதைத் தருகிறார்.

எது உயர்ந்தது என்று வினா கேட்காதபோது தீர்ப்பு எழுத வேண்டாம். பஞ்ச சீலத்தின் முதல் சீலமான கொல்லாமை எல்லா உயிர்களையும் உள்ளடக்கும் என்பதையும், கொலை செய்யாதே என்ற கட்டளையோ பெரும்பாலும் மனிதக் கொலையைக் குறித்தே விளக்கப்படுகிறது என்பதையும் ஓரிரு வரியில் சொன்னால் போதும். அந்தக் கட்டளைக்கு எண் இடும்போது கவனம் வேண்டும். கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் அதை ஐந்தாவதாக எண்ணுகிறார்கள், மற்ற புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலானவை ஆறாவதாக எண்ணுகின்றன. யாத்திராகமம் 20 என்று அதிகாரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் குழப்பம் வராது.