வன்னியிலிருந்து நூலக முதுமாணி: படிவம் நிரப்ப முன்னர்

நூலகத் துறையில் பட்டப்பின் படிப்பு என்றதும் பலரும் "எங்கே செய்யலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னர் தீர்மானிக்க வேண்டியது, எந்தக் கதிரைக்காகப் படிக்கிறோம் என்பது. பிரதேச சபை நூலகர், பாடசாலை ஆசிரிய நூலகர், பல்கலைக்கழக உதவி நூலகர் என்று மூன்று வழிகள். மூன்றுக்கும் ஆட்சேர்ப்பு விதிகள் வேறு. சபை நூலகத்தை நினைப்பவருக்கு இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமா நல்ல தொடக்கம். அது மூன்று நிலைகளில் நடக்கிறது, பட்டம் இல்லாமலே சேரலாம். அதை முடித்துவிட்டு "இதுவும் முதுமாணிக்குச் சமன்தானே" என்று இருந்துவிடக்கூடாது. சமன் இல்லை.

முதுமாணி என்ற ஒரே பெயருக்குள்ளும் இரண்டு வகை உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் நிலை என்றால் குறைந்தது 30 கிரெடிட், பாடங்கள் மட்டும். 10ஆம் நிலைக்கு 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. பல்கலைக்கழகப் பதவியையோ எம்.பில்., கலாநிதிப் பட்டத்தையோ நினைப்பவர் ஆய்வேடு உள்ளதையே எடுக்க வேண்டும். பாடம் என்றால் ஒரு கிரெடிட் என்பது சுயகற்றலையும் சேர்த்து 50 மணித்தியாலம், ஆய்வு என்றால் குறைந்தது 100. 45 பாடத்துக்கும் 15 ஆய்வுக்கும் என்று எடுத்தால் 60 கிரெடிட்டுக்கு 3750 மணித்தியாலம். வேலையோடு வாரம் 20 மணித்தியாலம்தான் ஒதுக்கலாம் என்றால் ஏறத்தாழ 188 வாரம் போகும். கற்கைநெறிக் கையேட்டில் போட்டிருக்கும் காலத்தை இந்தக் கணக்கோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

களனிப் பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் விஞ்ஞானத் துறையும், 1999இல் தொடங்கிய, கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனமும் பிரதான இடங்கள். வகுப்பு வார இறுதியில் என்றால் முல்லைத்தீவிலிருந்து போகிறவருக்கு வெள்ளி இரவு பஸ்தான். இந்தியாவில் பட்டத்துக்குப் பிறகு நூலகவியலில் ஓராண்டு இளநிலை, அதன்மேல் ஓராண்டு முதுநிலை என்று பிரித்து நடத்துவார்கள். அங்கே காசு கட்டமுன் அந்தப் பட்டத்தை இங்கே ஏற்பார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வகுப்பில் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பும், பட்டியல் பதிவைக் கணினிக்கு எழுதும் மார்க் 21 வடிவமும், கோஹா என்ற நூலக மென்பொருளும் வரும். தமிழ்த் தரவு படுத்தும் பாட்டை நாங்களாகத்தான் பழக வேண்டும். எங்கள் நூலகங்களின் பழைய பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் எக்செல்லில் கிடக்கும். அப்படியே கோஹாவுக்குள் ஏற்றினால் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். முதலில் யுனிக்கோடுக்கு மாற்றி, பிறகு யுடிஎஃப்-8 குறிமுறையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது.

அதைத் தாண்டினால் ஔகாரம் காத்திருக்கும். "மௌனம்" என்பதைக் கொம்பும் ளகரமுமாக "மெளனம்" என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. தேடினால் புத்தகம் வராது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றப் போனால் "தெளிவு", "வெள்ளம்" எல்லாம் சிதைந்துவிடும். இந்த இடத்தில் வரிவரியாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பெயர்களும் அப்படித்தான். "சிவத்தம்பி, கார்த்திகேசு", "சிவத்தம்பி, கா.", "பேராசிரியர் சிவத்தம்பி" என்று ஒரே ஆளுக்கு மூன்று தலைப்பு விழும். ஒன்றை நிலைப்படுத்தி, மற்றவற்றிலிருந்து அதற்கு "பார்க்க" குறிப்புக் கொடுக்க வேண்டும்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பைத் தேடித் தூரம் போகத் தேவையில்லை. ஆனால் "20 ஆண்டுகால வாசிப்புப் போக்கு" மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வராதீர்கள். 2009க்கு முந்திய சேர்வுப் பதிவேடும் (நூலகத்துக்கு வந்த நூல்களின் பதிவு) இரவல் பதிவேடும் பல இடங்களில் இடம்பெயர்வோடு போய்விட்டன, ஒப்பிடத் தரவு கிடைக்காது. இன்று கையில் உள்ளதை எடுங்கள்: சனசமூக நிலைய வாசிகசாலைகள், இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்கிறவர்கள் விதை, பசளை பற்றிய தகவலை யாரிடம் கேட்கிறார்கள் என்பது.

என்னைக் கேட்டால் கல்வெட்டுகளை எடுங்கள் என்பேன், கல்லில் வெட்டியதை அல்ல, இறந்தவருக்காகக் குடும்பத்தார் அச்சிடும் மலரை. 31ஆம் நாளுக்கு வரும் அந்த நினைவு மலரில் வம்சாவளியும் ஊர் வரலாறும் இருக்கும். நூலகங்களோ அதைப் புத்தகமாகவே கணிப்பதில்லை. ஐஎஸ்பிஎன் கிடையாது, வெளியீட்டாளர் என்று குடும்பத்தார் மட்டும். மார்க் 21இல் ஒவ்வொரு விபரத்துக்கும் எண்ணிட்ட புலம் உண்டு: இறந்தவர் பெயர் 600இல், ஊர் 651இல், அச்சகம் 264இல் (அந்தப் புலத்தின் இரண்டாம் சுட்டி எண் 3 ஆக) வரும். ஆண்டு அச்சிடப்படாவிட்டால் அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை) திகதியிலிருந்து ஊகித்துச் சதுர அடைப்புக்குள் போடலாம். உயிரோடு இருக்கும் உறவினரின் பெயர், முகவரி எல்லாம் அதில் கிடப்பதால், குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இணையத்தில் ஏற்றக்கூடாது. இதை மேற்பார்வையாளர் கேட்கமுன் நீங்களே முன்மொழிவில் எழுதிவிடுங்கள்.

பாடசாலை நூலகங்களை எடுப்பவருக்கு வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி வேண்டும். துணுக்காய், மடு என்று இரண்டு வலயம் என்றால் இரண்டு கடிதம். ஆங்கில வினாக்கொத்தைத் தமிழாக்கி, முதலில் ஐந்தாறு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். "தகவல் தேவை" என்றால் என்னவென்று பாதிப்பேர் கேட்பார்கள். தவணைப் பரீட்சை நேரத்தில் கொண்டுபோனால் அதிபர் வாங்கி மேசையில் வைப்பார், அவ்வளவுதான்.