பெட்டியில் அச்சிட்ட எண்ணும் தொட்டிக்குள் ஓடும் நீரும்

கடல்நீர்த் தொட்டிக்கு பம்ப் வாங்கச் சென்றால், தொட்டி எத்தனை லிட்டர் என்பதுதான் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி. விடையைச் சொன்னதும் அதை இருபதாலோ முப்பதாலோ பெருக்கி, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். சிறிய தொட்டிக்கு இந்த முறை போதும். நீரை எந்த மூலையிலிருந்து தள்ளினாலும் மற்ற மூலைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம், ஆக 810 லிட்டர் என்ற அளவில் பவளத் தொட்டி அமைக்கும்போது அந்தப் பெருக்கல் கைகொடுப்பதில்லை. சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்த அளவுத் தொட்டி ஒன்றை நிறுவியபோது பம்புகளை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைக் கணக்குகளோடு இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவிலிருந்து வாசிப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பாறை அமைக்கும் கடினப் பவளங்கள் அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து வீட்டில் வைப்பது குற்றம். எனினும் கடல் மீன்களை மட்டும் வளர்ப்பவர்களுக்கும் கீழே வருவதில் பெரும்பகுதி பொருந்தும்.

பவளம் இருந்த இடத்தை விட்டு நகராத உயிர். அதன் உடலை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக, கிட்டத்தட்ட அசையாத நீர் எப்போதும் தங்கியிருக்கிறது. எலும்புக்கூடு கட்டத் தேவையான கால்சியமும் கார்பனும், வாய்க்கு வர வேண்டிய இரையும் அந்தப் படலத்தைக் கடந்துதான் உள்ளே செல்ல வேண்டும். திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் பகலில் உண்டாக்கும் மிகை ஆக்சிஜனும், பவளம் உதிர்க்கும் கோழையும் அதே வழியில்தான் வெளியேற வேண்டும். நீரோட்டம் கூடும்போது படலம் மெலிகிறது, பரிமாற்றம் விரைவாகிறது. அதே வேளையில் ஒரே பக்கத்திலிருந்து ஓயாமல் அடிக்கும் பீய்ச்சல், அடிபடும் பக்கத்தில் திசுவைக் கிழிக்கிறது. மறுபக்கமோ அசையாத நீரில் கிடக்கிறது. கடலில் அலை வந்து திரும்புவதால் பவளத்தின் எல்லாப் பக்கத்துக்கும் நீர் கிடைக்கிறது. ஆகவே நமக்குத் தேவை வேகம் மட்டுமன்று, திசை மாறும் வேகம்.

ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறையான உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் நம்பிப் பவளங்களை வளர்த்த தம் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987இல் திறக்கப்பட்ட பவளக் காட்சியகம், 25 லட்சம் லிட்டர் தொட்டிக்கு அலை உண்டாக்கவென்றே ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டது. நம் வீட்டுத் தொட்டிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன.

பம்ப் என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பவை உண்மையில் இரண்டு வேறு கருவிகள். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் துணைத் தொட்டியான சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றுவது ரிட்டர்ன் பம்ப். அது அழுத்தம் தரும் கருவி. உயரத்தையும் குழாயின் உராய்வையும் வென்று நீரைத் தள்ள வேண்டும். தொட்டிக்குள்ளேயே நீரைக் கலக்கி ஓட்டுவது வேவ்மேக்கர். அது அகன்ற இறக்கையால் ஏராளமான நீரை மெல்லத் தள்ளும். உயரத்துக்கு ஏற்றச் சொன்னால் ஏற்றாது. ரிட்டர்ன் பம்பையே பெரிதாக வாங்கி இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்ற யோசனையை இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஒப்பவில்லை. மேலிருந்து வழிந்து இறங்கும் நீர் பெருகப் பெருக, வழிபெட்டியில் இரைச்சலும் சம்பில் நுண்குமிழிகளும் பெருகும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஒரு மணி நேரத்தில் கையாளும் நீரோ அதனால் கூடப்போவதில்லை.

எனவே ரிட்டர்ன் பம்புக்கு மணிக்குச் சுமார் 3,000 லிட்டர் போதும் என்று முடிவு செய்தேன். தொட்டியின் கொள்ளளவில் ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்த 3,000 மேலே வந்து விழும் இடத்தில் கிடைக்க வேண்டிய அளவு. பெட்டியில் அச்சிடப்பட்ட அளவு வேறு. பெட்டி எண் என்பது ஏற்றமே இல்லாத நிலையில் கிடைப்பது. எங்கள் தொட்டியில் சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்நீர்மட்டம் வரை 1.3 மீட்டர். அதோடு குழாயின் உராய்வையும் சேர்க்க வேண்டும். 25 மி.மீ. குழாயில் ஒரு செங்கோண எல்போ, ஏறத்தாழ முக்கால் மீட்டர் நேர்க்குழாய் அளவுக்குத் தடை தருகிறது. நான்கு எல்போ வைத்தால் மூன்று மீட்டர் குழாயைக் கூடுதலாகப் போட்டதற்குச் சமம். அதே 3,000 லிட்டரை 25 மி.மீ. உள்விட்டத்துக்குப் பதிலாக 32 மி.மீ. உள்விட்டக் குழாயில் விட்டால் உராய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். குழாய்க்குச் செலவாவது சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதை மிச்சம் பிடித்துவிட்டுப் பெரிய பம்புக்குப் பல நூறு வெள்ளி கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. நல்ல நிறுவனங்கள் உயரத்துக்கு ஏற்ப ஓட்டம் எப்படிக் குறைகிறது என்ற வளைகோட்டை வெளியிடுகின்றன. அதில் நம் உயரத்துக்கு நேரே வரும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். வளைகோட்டைத் தராத பம்பை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

மாறுமின்னோட்டத்தில் ஓடும் ஏ.சி. பம்பா, நேர்மின்னோட்டத்தில் ஓடும் டி.சி. பம்பா என்ற கேள்வியை வெப்பம்தான் தீர்த்துவைத்தது. ஏஹைம் 1262 போன்ற பழைய ஏ.சி. பம்புகள் ஆண்டுக்கணக்கில் உழைப்பவை; மணிக்கு 3,400 லிட்டருக்கு 80 வாட் எடுத்துக்கொள்ளும். இதே அளவு வேலையை இன்றைய டி.சி. பம்புகள் பல ஏறத்தாழப் பாதி மின்சாரத்தில் முடிக்கின்றன. நீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக மாறி நீரிலேயே சேர்கிறது. ரிட்டர்ன் பம்பும் வேவ்மேக்கர்களும் சேர்ந்து 100 வாட் என்று வையுங்கள். சம்பையும் சேர்த்து 800 லிட்டர் நீர் இருந்தால், வெப்பம் வெளியே போகாத நிலையில், அது ஒரே நாளில் நீரை இரண்டரை டிகிரிக்கு மேல் சூடாக்கிவிடும். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இது வரவு. ஹீட்டரின் வேலை குறையும். கூடத்தின் வெப்பம் 30 டிகிரியில் நிற்க, தொட்டியை 26 டிகிரியில் வைக்க வேண்டிய நமக்கு இது இரட்டைச் செலவு. பம்புக்கு ஒருமுறை பணம் கட்டி, அது தந்த சூட்டை வெளியேற்ற சில்லருக்கு இன்னொருமுறை கட்ட வேண்டும். 100 வாட் ஓராண்டு ஓயாமல் ஓடினால் 876 யூனிட். சில்லரின் பங்கு இதற்கு மேல்.

இனி வேவ்மேக்கர்கள். தேர்வில் எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். பழைய பவர்ஹெட்டுகள் விரல் தடிமன் துளை வழியாக நீரைப் பீய்ச்சியவை. அதே அளவு நீரை இரண்டு மடங்கு வேகத்தில் பீய்ச்ச நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதால், மின்சாரம் நிறையத் தின்று, எதிரே இருக்கும் ஒரு பவளத்தை மட்டும் வதைத்துவிட்டு ஓய்ந்துவிடும். அகன்ற இறக்கை வைத்த பம்புகள் வந்த பின் அவற்றைப் பெரிய தொட்டிக்குப் பரிந்துரைக்கக் காரணம் ஏதும் இல்லை.

இன்று கிடைப்பவற்றில் மூன்று வகையைப் பார்த்தேன். ஜெர்மனியின் டுன்ஸே நிறுவனம் செய்யும் டர்பெல் ஸ்ட்ரீம் போன்றவற்றில் மோட்டாரும் இறக்கையும் நீருக்குள் இருக்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஈகோடெக் நிறுவனத்து வார்டெக்கில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே நிற்க, உள்ளே இருக்கும் இறக்கையைக் காந்தம் சுழற்றும். நீரில் கம்பியும் இல்லை, வெப்பத்தில் பெரும்பகுதியும் வெளியிலேயே தங்கிவிடும். ஆனால் அது நேரே பார்த்தபடிதான் தள்ளும், கண்ணாடியின் தடிமனுக்கும் வரம்பு உண்டு. மேக்ஸ்பெக்ட் நிறுவனம் பரவலாக்கிய கைர் வகையில், நீண்ட உருளை ஒன்று சுழன்று நீரைப் பட்டையாக வெளியே விடுகிறது.

நீளமான தொட்டிக்கு இந்த மூன்றாம் வகை எனக்குப் பிடித்துவிட்டது. மேற்பரப்பை ஒட்டி ஓடும் நீர்ப்பட்டை எதிர்க்கண்ணாடியில் மோதி, கீழே இறங்கி, அடிமணலை ஒட்டித் திரும்பி வருகிறது. ஓட ஓட நீர் முழுவதும் ஒரே சுற்றாக உந்தம் பெறுவதால், பம்ப் தள்ளும் நீரைக் காட்டிலும் பல மடங்கு நீர் அசைகிறது. இதற்குப் பாறை அடுக்கும் இடம் கொடுக்க வேண்டும். பின்கண்ணாடியில் சாய்த்து மதிலாக அடுக்கினால் சுற்று உடைந்துவிடும். பாறையை இரண்டு தீவுகளாகப் பிரித்து, பின்னால் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டேன். இரு முனைகளிலும் ஒவ்வொரு கைர். இடது சில நிமிடங்கள் ஓடி நின்றதும் வலது தொடங்கும். தீவுகளுக்குப் பின்னால், கைரின் ஓட்டம் எட்டாத இரண்டு இடங்களுக்கு இறக்கை பம்புகள் இரண்டு.

நான்கின் பெட்டி எண்களையும் கூட்டினால் தொட்டியின் கொள்ளளவைப் போல் நாற்பது மடங்கு வரும். நான் ஓட்டுவது அதில் ஏறத்தாழப் பாதிதான். ஒரு பம்பை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட இரண்டைக் குறைவாக ஓட்டுவது எப்போதும் மலிவு. வேகத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் ஓட்டமும் அந்த அளவே குறையும். மின்சாரமோ, மோட்டாரின் இழப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இரைச்சலும் அடங்கும். கூடத்தில் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டாரின் பொறுமையையும் நீரியல் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எண்கள் இத்தோடு முடிகின்றன. மீதியைத் தொட்டியைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மீன் தீனியைப் பொடித்துத் தூவி, துணுக்குகள் எங்கே சுற்றுகின்றன, எங்கே இறங்கிப் படுக்கின்றன என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பாறையின் பின்னடியில் டார்ச் அடித்தால், பழுப்புக் கசடு திரண்டிருக்கும் இடம் பம்பைத் திருப்ப வேண்டிய திசையைக் காட்டிவிடும். யூஃபிலியா என்ற பவளத்தின் நீண்ட கரங்கள் ஒரு பக்கமாகவே படிந்து கிடந்தால் ஓட்டம் அதற்கு மிகை. அக்ரோபோரா என்ற பவளத்தின் கிளையிடுக்கில் தூசி தங்கினால் குறைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பொடிமணல் போட்டவர்கள், பம்ப் போட்ட மறுநாளே தொட்டியின் ஒரு மூலையில் வெறுங்கண்ணாடியையும் மறுமூலையில் மணல்மேட்டையும் காண்பார்கள். கடல் அனிமோன் வைத்திருப்பவர்கள் பம்பின் வாய்க்கு நுரைப்பஞ்சு உறை போடாமல் இருக்கக் கூடாது. அது இடம் மாறும் உயிர். இறக்கையில் சிக்கினால் அதன் சிதைவு தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

வாங்கும் முன் கடையிலேயே பம்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கால்சியம் மிகுந்த நீரில் சில மாதங்களில் இறக்கையின்மேல் இளஞ்சிவப்புப் பாசி ஓடு படிந்து, ஓட்டம் தெரியாமலே குறைகிறது. கழற்றி, நீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்திலோ வினிகரிலோ போட்டால் சடசடவென்று குமிழி கிளம்பும். ஒரு மணி நேரத்தில் ஓடு இளகி, பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே உரிந்து வரும். இந்த வேலை அடிக்கடி வரும் என்பதால், ஒரு கையால் எடுத்து மறு கையால் பிரிக்க முடியாத பம்பை எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்க மாட்டேன். கைர் வகையின் குறையும் இதுதான்: உருளை, இரு முனைத் தாங்கிகள், கூண்டு என்று உறுப்புகள் அதிகம். அச்சு பீங்கானாக இருக்கிறதா, இறக்கையும் தாங்கியும் தனியே விலைக்குக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். டி.சி. பம்புகளில் நான் பார்த்த வரை முதலில் போவது மோட்டார் அன்று. உப்புக் காற்றில் இருக்கும் அடாப்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான். அவற்றைச் சம்புக்கு மேலே மாட்டாமல் அலமாரிக்கு வெளியே, கம்பி தாழ்ந்து வளைந்து ஏறும்படி மாட்ட வேண்டும். நீரில் கை வைக்கும் தொழில் என்பதால் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இல்லாத இணைப்பில் எதையும் செருகக் கூடாது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் பம்ப் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழே இருந்தால், பம்ப் நின்றதும் அந்த இரண்டு செ.மீ. நீர், அதாவது 27 லிட்டர், குழாய் வழியாகவே சம்புக்குத் திரும்பிவிடும். ஒருவழி வால்வை நம்ப வேண்டாம். ஒரு நத்தையோ சுண்ணாம்புத் துகளோ இடையில் சிக்கினால் அது மூடாது. சம்பில் அந்த நீருக்கு இடம் விட்டு, குழாய் வாயை மேற்பரப்பை ஒட்டி வைப்பதே வழி. ஓட்டம் நின்ற தொட்டியில் மீன்களுக்கும் பவளங்களுக்கும் முதலில் தட்டுப்படுவது ஆக்சிஜன். இரவில் அது இன்னும் விரைவாகக் குறையும். டி.சி. பம்புகள் பலவற்றுக்கு மாற்று மின்கலம் இணைக்க வசதி உண்டு. அந்த மின்கலத்தை ரிட்டர்ன் பம்பில் மாட்டாதீர்கள். நீரை மேலே ஏற்றுவதிலேயே அது தீர்ந்துவிடும். மேற்பரப்பைக் கலக்கும்படி வைத்த ஒரு வேவ்மேக்கரை மட்டும் குறைந்த வேகத்தில் அதில் ஓடவிட்டால், சில வாட் செலவில் பல மணி நேரம் நீர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.