ஏற்காட்டு இருட்டுக்கு ஏற்ற பேட்டரி

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் இரவில் நடமாட வேண்டியவர்களுக்கு டார்ச் லைட் ஆடம்பரப் பொருளன்று. செடிகளுக்கு நடுவே காட்டெருமை அசையாமல் நின்றால், மிக அருகில் செல்லும்வரை அது கண்ணில் படாது. அதனால் இங்கே பலரும் அதிக வெளிச்சம் தரும் டார்ச்சுகளுக்கு மாறியிருக்கிறார்கள். வாங்கும்போது பெரும்பாலோர் எத்தனை லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்றுதான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் விசாரிப்பது அதன் பேட்டரித் தொகுப்பையும், அதற்குள் இருக்கும் மின்சுற்றையும் பற்றித்தான். (மூடுபனியில் லூமென் கூடக்கூட வெள்ளைச் சுவர்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.)

பழைய மூன்று செல் டார்ச், தீர்ந்துபோவதற்கு வெகுநேரம் முன்பே மஞ்சளாக மங்கி எச்சரித்துவிடும். புதிய டார்ச்சுகளில் இருக்கும் லித்தியம் அயன் செல்லின் இயல்பு வேறு. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டில் தொடங்கி, பெரும்பகுதி நேரம் 3.6, 3.7 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் சட்டென்று சரிகிறது. போதாக்குறைக்கு, டார்ச்சில் உள்ள டிரைவர் என்ற மின்னோட்டக் கட்டுப்பாட்டுச் சுற்றும் வெளிச்சத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கிறது. செல்லின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.5 முதல் 3 வோல்ட்டுக்கு இறங்கியதும், செல் கெடாமல் இருப்பதற்காகப் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. செல் பிழைத்துக்கொள்ளும், தோட்டத்துப் பாதையின் நடுவே நிற்பவர் கும்மிருட்டில் மாட்டிக்கொள்வார்.

ஆகவே தன்னைத்தானே கண்காணிக்கும் மின்சுற்று கொண்ட ஸ்மார்ட் பேட்டரியில் நான் மதிப்பது, மீதம் எவ்வளவு என்பதைச் சரியாகச் சொல்லும் திறனைத்தான். மலிவான தொகுப்புகளில் எரியும் நான்கு புள்ளிகள் மின்னழுத்தத்தை மட்டுமே பார்த்துக் கணிக்கின்றன. முழு வெளிச்சத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து ஒரு புள்ளி காட்டும், அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் மூன்று காட்டும். நல்ல தொகுப்பு உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் வரவு செலவு போலக் கணக்கிட்டு, மீதத்தைச் சதவீதமாகத் தருகிறது. அந்தக் கணக்கிலும் நாளடைவில் பிசகு சேரும் என்பதால், அவ்வப்போது முழுமையாகச் சார்ஜ் ஏற்றி அதை நேர்செய்ய வேண்டும். மீதம் குறைந்ததும் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து, நடந்து வீடு சேர அவகாசம் தரும் டார்ச்சாக இருந்தால், அதற்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

செல்களைத் தொடராக இணைத்த தொகுப்பில், ஒவ்வொன்றின் சார்ஜ் அளவையும் தனித்தனியே கவனித்துச் சமன்செய்யும் சுற்று இருக்க வேண்டும். இல்லையென்றால் வலுக்குறைந்த ஒரு செல் மற்றவற்றின் ஆயுளையும் இழுத்துக்கொண்டு போகும். வெப்ப உணரி இருக்கிறதா என்பதும் முக்கியம். பொதுவாக இவ்வகை செல்களை 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள்தான் சார்ஜ் செய்யலாம். ஏற்காட்டுக் குளிர் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் சித்திரை வெயிலில் சேலத்தில் நிறுத்திய காருக்குள் வைத்துச் சார்ஜ் போட்டால் தொகுப்பு மறுத்துவிடக்கூடும். அதைப் பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, ஆறவிட்டால் போதும்.

மேலட்டையில் அச்சிட்ட கொள்ளளவு எண்களை நம்பாதீர்கள். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 வகை செல்லில், தரமானதென்றால் சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி கிடைக்கும். 9,900 என்று போட்டிருந்தால் அது பொய். கையில் எடுத்ததும் எடை குறைவாகத் தோன்றினால் அது போலி என்பதில் சந்தேகமே வேண்டாம். 3,500 மில்லி ஆம்பியர் மணி (3.5 ஆம்பியர் மணி) உள்ள நான்கு செல்களின் மொத்தக் கொள்ளளவை 3.6 வோல்ட்டால் பெருக்கினால், கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 50 வாட் மணி. 25 வாட் இழுக்கும் டார்ச் அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழு வெளிச்சத்தில் எரியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மழைக்கால மின்தடைக்கென வாங்கி எடுத்துவைப்பவர்கள், நீண்ட நாள் பயன்படுத்தாதபோது அதைப் பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து, புரட்டாசி முடிவதற்குள் முழுமையாக ஏற்றிக்கொள்ளலாம். உப்பிய தொகுப்பைக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.