மெடிக்கல் ரிப்போர்ட் வரும் வரை

ஜூலை கடைசி வாரத்தில் எங்கள் டெஸ்க்கில் யாருக்கும் லீவு கிடையாது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் டிரேட் டெட்லைன், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு, அப்போதுதான் வரும். 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டம் என்று நீளும் சீசனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருக்கும். கோப்பை வாய்ப்புள்ள அணி நல்ல வீரரைத் தேடி அலையும். வாய்ப்பில்லாத அணி, கையில் இருக்கிற நல்ல வீரரைக் கொடுத்துவிட்டு, பின்னாளில் தேறக்கூடிய இரண்டு மூன்று இளைஞர்களை வாங்கிப் போடும். 2025-ல் கெடு ஜூலை 31, நியூயார்க் நேரப்படி மாலை 6 மணி. அதற்கு முந்தைய நாட்களில் வரும் செய்தியில் எது நிஜம், எது கிளப்பிவிடப்பட்டது என்று பிரிப்பதிலேயே எங்கள் ஷிப்ட் ஓடிவிடும்.

விளையாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்றில் ரசிகர்களின் போனுக்கு அலர்ட் எழுதி அனுப்புவது என் வேலை. ஒன்றரை வரிதான். ஆனால் அந்த ஒன்றரை வரியைப் படித்துவிட்டு, பத்து வருடமாகத் தான் கைதட்டி வந்த ஒரு வீரர் போய்விட்டார் என்று ஒருவர் மனம் உடைந்துபோவார். இந்த வேலையில் யாரை நம்புவது, எவ்வளவு நம்புவது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். எப்போது நம்புவது என்பதுதான் கஷ்டம். நல்ல நிருபர், நல்ல இடத்திலிருந்து வந்த தகவல், எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் காரியம் நடக்காது.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் இரவு எடிட்டர் முதலில் போட்டுக் காட்டியது ஒரு வீடியோ. 2015 ஜூலை 29, நியூயார்க் மெட்ஸ் அணியின் சிட்டி ஃபீல்ட் மைதானம். மெட்ஸின் வில்மர் ஃப்ளோரஸும் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜாக் வீலரும் மில்வாக்கி அணிக்குப் போகிறார்கள், பதிலுக்கு கார்லோஸ் கோமஸ் வருகிறார் என்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி பரவிவிட்டது. கேலரியில் இருந்தவர்கள் கையில் எல்லாம் போன். ஃப்ளோரஸ் பேட் பிடிக்க வந்தபோது அவர்கள் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். அவருக்கு அணி நிர்வாகம் எதுவும் சொல்லவில்லை. மேனேஜர் டெரி காலின்ஸுக்கும் விஷயம் தெரியாது. ரசிகர்கள் சொல்லித்தான் ஃப்ளோரஸ் தெரிந்துகொண்டார். 16 வயதில் மெட்ஸோடு ஒப்பந்தம் போட்டவர், அன்றைக்கு வயது 23. ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் நின்றபடி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை கேமரா நெருக்கத்தில் காட்டியது.

ஆட்டம் முடிந்ததும் ஜெனரல் மேனேஜர் சாண்டி ஆல்டர்சன் வந்து, அப்படி ஒரு டிரேட் நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை என்றார். மெட்ஸ் தரப்பில் கோமஸின் இடுப்பைப் பற்றிச் சந்தேகம் வந்து, பேச்சு முறிந்திருந்தது. மறுநாளே கோமஸ் ஹூஸ்டனுக்குப் போனார். அதற்கு அடுத்த நாள், ஜூலை 31 அன்று, அதே மைதானத்தில் வாஷிங்டனுக்கு எதிராக 12-வது இன்னிங்ஸில் ஃப்ளோரஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். சட்டையில் இருந்த மெட்ஸ் பெயரைப் பிடித்துக் காட்டியபடியே ஓடி வந்தார். அந்த வருடம் மெட்ஸ் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரை போனது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக நிருபர்களைத் திட்டி முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு அணியும் பேசியது உண்மை. கைகுலுக்கும் தூரம் வரை வந்ததும் உண்மை. மெடிக்கல் ரிப்போர்ட் என்ற ஒரு படி பாக்கி இருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்ததை யாரும் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்வதில்லை. ஆனால் அன்று பல இடங்களில் செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. நிருபர் சொன்ன பாதி வாசகத்தை அடுத்தவர் முழு வாசகமாக்கினார், அதற்கடுத்தவர் அதையே தலைப்பாக்கினார். மைதானத்தில் நின்றவருக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடைசி வடிவம்.

பேஸ்பாலில் இந்தப் படி சும்மா ஒரு சடங்கு இல்லை. வீரர்களின் மருத்துவ விவரங்களை அணிகள் ஒன்றுக்கொன்று கொடுத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. பிட்சரின் தோளும் முழங்கையும்தான் அங்கே முதல். கோடிக்கணக்கான டாலர் அதில் நிற்கிறது. அப்புறம் வீரருக்கு இருக்கும் உரிமைகள். மேஜர் லீக்கில் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. சிலருக்கு ஒப்பந்தத்திலேயே அந்தப் பாதுகாப்பு இருக்கும். மற்றவர்களை யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் போன் வரும், மறுநாள் வேறு ஊரில் வேறு சட்டை. மனைவி, பிள்ளைகள், ஸ்கூல், வாடகை வீடு எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வதந்தி என்று நாம் லேசாகச் சொல்வது அவர்கள் வீட்டில் எப்படி விழும் என்பதை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

2020 பிப்ரவரி 4 இரவு, பாஸ்டன் தன் நட்சத்திரம் மூக்கி பெட்ஸை டேவிட் பிரைஸோடு சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுக்கிறது என்ற செய்தி வந்தது. மூன்று அணி சேர்ந்த டிரேட். டாட்ஜர்ஸின் கென்டா மயேதா மினசோட்டாவுக்கு. பாஸ்டனுக்கு டாட்ஜர்ஸிடமிருந்து அலெக்ஸ் வெர்டூகோ, மினசோட்டாவிடமிருந்து புரூஸ்டார் கிராட்டெரால் என்ற இளம் பிட்சர். சொன்னவர்கள் எல்லாரும் தரமான நிருபர்கள், ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்தும் போனது. அப்புறம் பாஸ்டன் கிராட்டெராலின் மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பார்த்தது, திருப்தி இல்லை, கூடக் கேட்டது. நாட்கள் இழுத்தன. கடைசியில் மூன்று அணி டிரேட் உடைந்து, இரண்டிரண்டு அணியாகத் தனித்தனியே முடிந்தது. பெட்ஸ் டாட்ஜர்ஸுக்கு வந்தார், ஆனால் பாஸ்டனுக்குப் போனவர்கள் வெர்டூகோவும், முதல் செய்தியில் பெயரே இல்லாத ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் இருவரும். கிராட்டெரால் டாட்ஜர்ஸில் வந்து சேர்ந்தார்.

இதில் பலர் மறந்துவிடுகிற ஒருவர் உண்டு: ஜாக் பெடர்சன். பெட்ஸ் வந்தால் இடம் வேண்டும் என்பதற்காக அவரை ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுக்க டாட்ஜர்ஸ் ஒப்புக்கொண்டிருந்தது. பெரிய டிரேட் இழுத்தடித்ததில் இந்தச் சின்ன டிரேட் செத்தது. பெடர்சன் இருந்த இடத்திலேயே இருந்து, அந்த வருடம் டாட்ஜர்ஸோடு வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார்.

எங்கள் இரவு எடிட்டர் ஒரு அட்டவணை வைத்திருந்தார். சாதாரண எக்ஸெல் ஷீட். நிருபர் பெயர், எந்த அணி, சொன்ன தேதி, என்ன நிலையில் இருப்பதாகச் சொன்னார், கடைசியில் என்ன ஆனது. இத்தனையும் எந்த டெஸ்க்கிலும் இருக்கும். அவர் கூடுதலாக இரண்டு கட்டம் வைத்திருந்தார். ஒன்று, இந்தச் செய்தி வெளியே வந்தால் யாருக்கு லாபம். மற்றது, தப்பாகிப் போனால் அந்த நிருபர் என்ன செய்தார். முதல் கட்டத்தில் ஏஜென்ட், விற்கிற அணி, வாங்குகிற அணி, போட்டி அணி என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு வீரரைக் கேட்டு ஐந்து அணி நிற்கிறது என்று செய்தி வந்தால், விலை ஏறவேண்டிய யாரோ பேசுகிறார்கள். பெரிய வீரருக்காக நாங்களும் முயன்றோம் என்று ஒரு அணி சொல்ல வைத்தால், சொந்த ஊர் ரசிகர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய நிலையில் அந்த அணி இருக்கிறது. தகவல் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கிருந்து பார்த்துச் சொல்கிறார்கள் என்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கட்டம்தான் எனக்கு ரொம்ப உதவியது. 2022 டிசம்பர் 6 அன்று, ஒப்பந்தம் முடிந்திருந்த நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் போவதாகத் தெரிகிறது என்று நிருபர் ஜான் ஹேமன் எழுதினார். அவசரத்தில் பெயரே தப்பாக விழுந்தது. சில நிமிடத்தில் திரும்ப வந்து, முந்திவிட்டேன், மன்னிக்கவும் என்றார். மறுநாள் ஜட்ஜ் 9 வருடம், 360 மில்லியன் டாலருக்கு யாங்கீஸிலேயே தங்கினார். அந்தப் பதிவைக் கேலி செய்தவர்கள் ஏராளம். நான் கவனித்தது அந்தச் சில நிமிடத்தை. பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல அடுத்த செய்திக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் பத்தில் எட்டு சரியாகச் சொன்னாலும், மீதி இரண்டு எது என்று அவரிடமிருந்து நமக்குத் தெரியவே வராது.

ரசிகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எதையும் நம்பும் கூட்டம் என்று செய்தி அறைகளில் அவர்களைப் பேசுவார்கள். என் அனுபவம் வேறு. போலிச் செய்தியை எங்களுக்கு முன்னால் பிடிப்பவர்கள் அவர்களில்தான் இருக்கிறார்கள். புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று ஒரு வதந்தி வந்தால், அனுபவப்பட்ட ரசிகர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார். கூடைப்பந்தில் அது சகஜம். பேஸ்பாலில், சிறிய அணிகளுக்குக் கூடுதலாகத் தரும் சில தேர்வுகளைத் தவிர, டிராஃப்ட் தேர்வை டிரேட் செய்ய முடியாது. இட்டுக்கட்டுகிறவருக்குப் பெரும்பாலும் இது தெரிவதில்லை.

சில சமயம் ரசிகர்களுக்குத் தெரிந்த உண்மையை அணிகளால் சொல்லவே முடியாது. ட்ரே டர்னரை 2014 ஜூனில் சான் டியேகோ டிராஃப்டில் எடுத்தது. அந்த டிசம்பரிலேயே வாஷிங்டனுக்குக் கொடுக்க முடிவானது. ஆனால் டிராஃப்டில் எடுத்த வீரரை ஒரு வருடத்துக்கு மாற்றக்கூடாது என்பது அப்போதைய விதி. அதனால் அவர் பெயர் போடாமல், பின்னர் அறிவிக்கப்படும் வீரர் என்று மட்டும் இருந்தது. ஊருக்கே தெரியும் அது யார் என்று. டர்னர் 2015 ஜூன் வரை, தன்னை ஏற்கெனவே கொடுத்துவிட்ட அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். பிறகு விதியையே மாற்றினார்கள். அணி உறுதி செய்தால்தான் உண்மை என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அதே ரசிகர்கள் 2023 டிசம்பர் 8 அன்று ஒரு விமானத்தின் பின்னால் போனார்கள். ஒப்பந்தம் முடிந்திருந்த ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி எந்த அணிக்குப் போவார் என்று உலகமே காத்திருந்த நேரம். தெற்கு கலிபோர்னியாவிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு தனி விமானம் போகிறது என்பதை யாரோ கண்டுபிடிக்க, ஆயிரக்கணக்கானவர்கள் மேப்பில் அந்தப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டானி டொராண்டோவுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று நிருபர் ஜான் மொரோசியும் எழுதிவிட்டார். விமானம் இறங்கியது, வந்தவர் கனடாவின் தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜாவெக், குடும்பத்தோடு. மொரோசி அன்றே மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஓட்டானி 10 வருடம், 700 மில்லியன் டாலருக்கு டாட்ஜர்ஸில் சேர்வதாகத் தானே அறிவித்தார். விமானம் நிஜம், கிளம்பிய இடம் நிஜம், இறங்கிய ஊரும் நிஜம். அதில் ஓட்டானி இருக்கிறார் என்பதற்கு மட்டும் சாட்சி இல்லை. கையில் இத்தனை நிஜம் இருந்ததால்தான் அந்த ஒன்று இல்லாதது கண்ணில் படவில்லை. டொராண்டோ ரசிகர்களின் ஆசையும் சேர்ந்துகொண்டது, அதை நான் குறை சொல்லமாட்டேன்.

போலிக் கணக்குகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 2022 நவம்பரில் ட்விட்டரில் நீல டிக்கைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றான பிறகு, பிரபல நிருபரின் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றாயிற்று. கணக்கின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே அலர்ட்டில் கை வைக்கிறோம்.

வதந்தியே இல்லாமல் வருவதும் உண்டு. 2025 ஜூன் 15, ஞாயிறு. பாஸ்டன் யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்து முடித்த சில மணி நேரத்தில் பாஸ்டனின் ரஃபேல் டெவர்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார் என்று செய்தி. அன்றைய ஆட்டத்திலும் ஹோம் ரன் அடித்தவர், 300 மில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் உள்ளவர். போலிக் கணக்கு என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். எங்கள் அட்டவணையில் டெவர்ஸ் பெயரில் ஒரு வரிகூட இல்லை.

புதிதாக டெஸ்க்குக்கு வருகிறவர்களுக்கு இப்போது நான் பயிற்சி கொடுக்கிறேன். 2020 பிப்ரவரியின் அந்த பெட்ஸ் வாரத்தில் எந்த இரவு என்ன தெரிந்திருந்தது என்று தேதிவாரியாக ஒரு தாளில் கொடுத்து, ஒவ்வொரு இரவுக்கும் ஒரு அலர்ட் எழுதச் சொல்வேன். பெட்ஸை எல்லாரும் கவனமாகவே எழுதுகிறார்கள். பெடர்சன் விஷயத்தில், பெரிய டிரேட் முடிந்தால்தான் இது நடக்கும் என்பதையும் அதே வரியில் சேர்க்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.