மூடில் மதிப்பெண் ஏட்டில் காலியாக நிற்கும் கட்டம்

அகமதிப்பீட்டுக்கு மூடில் (Moodle) என்னும் இணையவழிக் கற்பித்தல் தளத்தைப் பயன்படுத்தும் நம் குமரி மாவட்ட ஆசிரிய நண்பர்கள், மதிப்பெண் ஏட்டின் விதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே அமைத்துவிட வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, காலியான மதிப்பெண்களை விலக்கும் தெரிவு. தலா 20 மதிப்பெண் கொண்ட மூன்று தேர்வுகளில் ஒரு மாணவி 16, 18 பெற்று, மூன்றாவதை எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெரிவு இயங்கினால் அவருடைய சராசரி 17. அதை நீக்கிவிட்டால் காலிக் கட்டம் பூஜ்யமாகக் கொள்ளப்பட்டு 11.33 ஆகிவிடும். குழித்துறையில் வெள்ளம் வந்து பேருந்து நின்றுபோனதால் வர முடியாதவரையும், காரணமின்றி வராதவரையும் மென்பொருள் பிரித்தறியாது. ஆகவே தெரிவை இயங்கவிட்டு, காரணமின்றி வராதவருக்கு மட்டும் நாமே 0 என்று பதிவதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

மிகக் குறைந்த மதிப்பெண்ணைக் கழித்துவிடும் வசதியும் உண்டு. ஆனால் ஏட்டில் ஒரே வகையாகத் தொகுத்த தேர்வுகள் அனைத்துக்கும் உச்ச மதிப்பெண் ஒன்றாக இருந்தால்தான் அதை நம்ப முடியும்.

தரநிலை எழுத்துகளையும் பாருங்கள். மூடிலின் இயல்பு அமைப்பில் ஏ தரம் 93 விழுக்காட்டில் தொடங்குவதால், நம் பல்கலைக்கழக விதிப்படி அந்த எல்லைகளை மாற்றியமைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், ஒரு மாணவரின் பார்வையில் ஏட்டைத் திறந்து, கூட்டுத்தொகையைக் கையால் ஒருமுறை போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.